லிந்துலைத் தையற் பயிற்றுநருக்கு ஒரு கடிதம்



தொண்டு நிறுவன உதவியுடன் இலங்கையின் லிந்துலைத் தேயிலைத் தோட்டத்துப் பெண்பிள்ளைகளுக்குத் தையல் கற்பிக்க முன்வரும் ஒருவர், வெட்டவும் தைக்கவும் பழக்குவதோடு, உழைப்புக்கு விலை வகுக்கவும் பழக்கக் கடமைப்பட்டவர் ஆவார். தோட்டத்தில் உழைப்பின் விலையை உழைப்பவர் வகுத்ததில்லை. 2021இல் நாட்கூலியை 1000 ரூபாயாக நிர்ணயித்தது சம்பள நிர்ணய சபை. ஒரு பெண்ணுக்கு அன்று முழுப் பேரா அரைப் பேரா, அதாவது முழுநாட் சம்பளமா பாதிநாட் சம்பளமா என்பதைத் தீர்மானிப்பது கொழுந்து நிறுக்கும் தராசு. இந்த முறைமைக்குள் தாயைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, நேர்த்தியாகச் சட்டை தைத்துக் கொடுத்த பின்னும், கூலி கேட்கும்போது "குடுக்கிறதக் குடுங்க" என்று தலைகுனிவது இயல்பே.

அத்தயக்கத்தைப் போக்கும் பாடம் பள்ளிச் சீருடையிலிருந்து தொடங்கலாம். 1993 முதல் அரசு மாணவர்க்குச் சீருடைத் துணியை இலவசமாக வழங்குகிறது. தையற்கூலியோ பெற்றோரைச் சார்ந்தது. ஆகவே பள்ளித் தவணை தொடங்குமுன் தொழிலாளர் குடியிருப்பான லயந்தோறும் வேலை காத்திருக்கிறது. ஒரு வெள்ளைக் கவுனுக்கான நூல், கழுத்துப்பட்டிக்கான கன்வஸ், பொத்தான், இயந்திர எண்ணெய், மின்சாரம் ஆகியவற்றின் செலவையும், அளவெடுத்தது முதல் இஸ்திரி போட்டு மடித்தது வரை சென்ற நேரத்துக்கான கூலியையும் ஒவ்வொரு பிள்ளையும் தன் கொப்பியில் எழுதிக் கூட்டி, அத்தொகையை வகுப்பின் முன் வாய்விட்டுச் சொல்லப் பழகுதல் வேண்டும்.

வகுப்பின் நேரத்தை வகுப்பதும் பயிற்றுநரின் பொறுப்பே. தாய் கொழுந்து பறிக்க மலைக்குப் போன பின் தம்பி தங்கையரைப் பார்ப்பதும் தண்ணீர் சுமப்பதும் பெரும்பாலும் மூத்த பெண்ணின் தலையிலேயே விழுவதால், வீட்டாரைக் கேட்டறிந்து நேரம் குறிப்பதும், பிள்ளைக் காம்பரா எனப்படும் குழந்தைப் பராமரிப்பு நிலையம் திறந்திருக்கும் வேளையைப் பயன்படுத்துவதும், தோட்டத்தின் மேற்பிரிவுப் பிள்ளைகள் இருட்டுமுன் வீடு சேருமாறு முடிப்பதும் நலம்.

பயிற்சி முடிவில் வழங்கப்படும் வருகைச் சான்றிதழ் தோட்ட எல்லையைத் தாண்டினால் பெரும்பாலும் பயன்படுவதில்லை. நாடு முழுவதும் ஏற்கப்படுவது தேசிய தொழில் தகைமை. ஏழு மட்டங்களைக் கொண்ட அதில் முதல் நான்கு மட்டங்கள் சான்றிதழ்களாகும். வேலை செய்தே திறன் பெற்றவரும் முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையின் மூலம், செய்துகாட்டி அதனைப் பெறலாம். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியுள்ளமையால், மதிப்பீட்டைத் தமிழில் நடத்தக் கேட்பது உரிமைக் கோரிக்கையே அன்றிச் சலுகை வேண்டுதல் அன்று. கணினியோ வேறு தொழிலோ விரும்பும் பிள்ளையைத் தையலில் கட்டிப்போடாமல், ஹட்டன் பக்கத்துத் தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையம் போன்ற இடங்களுக்கு வழிகாட்டுவதும் நல்லாசிரியரின் கடனாகும்.

உதவியளிப்போர் வழங்கிய இயந்திரங்களின் எண்ணிக்கையைக் கேட்பர், அது கொடுக்கப்படட்டும். அதனருகே, ஓராண்டுக்குப் பின் எத்தனை பிள்ளைகள் தாமே வகுத்த கூலிக்குத் தைக்கின்றனர் என்ற கணக்கையும் எழுதி அனுப்பும் பயிற்றுநர், அடுத்த ஆண்டின் உதவி எதற்குச் செல்ல வேண்டும் என்பதை உதவியளிப்போருக்கு உணர்த்தியவராவார்.