பருத்திச் செடி வறட்சியைத் தாங்கும் விதம்

திருப்போரூரிலிருந்து மாமல்லபுரம் வரையுள்ள கடற்கரைச் சிற்றூர்களில் பூவரச மரத்தைக் காணாதார் இலர். அதன் மஞ்சட்பூவைப் பருத்திப் பூவோடு ஒப்பிட்டு நோக்கின், இரண்டும் ஒரே குடும்பத்தைச் சார்ந்தவை என்பது எளிதிற் புலனாகும். பூவரசு மணலையும் உப்புக்காற்றையும் பொறுத்து வளர்கின்றது. பருத்தியோ வறட்சியைப் பொறுப்பதிற் பெயர்பெற்றது. அப்பொறுமை எவ்வாறு வாய்த்தது என்பதையும், அதனாற் செடிக்கு நேரும் இழப்பு யாது என்பதையும் ஈண்டு ஆராய்வோம்.

முதலாவது, வேர். பருத்தி விதை முளைத்தவுடன் தண்டினும் ஆணிவேரே விரைந்து வளரும். மேல்மண் உலர்ந்தபின்னும் அவ்வேர் அடிமண்ணின் ஈரத்தை உறிஞ்சிக் கொடுக்கும். இளம்பயிருக்கு அடிக்கடி நீர் பாய்ச்சினால் வேர் மேலாகவே பரவிவிடும். பின்னர் நீர் குறையுங்காலத்து அப்பயிரே முதலில் வாடும்.

இரண்டாவது, இலை. இலையின் மேற்புறத்து மெழுகுப்படலம் நீர் வீணே ஆவியாவதைத் தடுக்கின்றது. மண்ணில் ஈரம் குறையவே, செடியினுள் தோன்றும் ஒருவகை அமிலம் இலைத்துளைகளை மூடச்செய்கின்றது. ஆனால் அத்துளைகளின் வழியாகவே கரியமில வாயுவும் உட்புக வேண்டுமாதலின், நீரைக் காக்குந்தோறும் உணவாக்கம் குறைகின்றது.

மூன்றாவது, காய் உதிர்தல். தன்னால் வளர்க்க இயலாத சப்பைகளையும் பிஞ்சுகளையும் செடி தானே உதிர்த்து, எஞ்சிய சிலவற்றை முற்றச்செய்கின்றது. உழவர் இதனைக் கண்டு வருந்துவர். செடிக்கோ இது உயிர்காக்கும் உபாயமாகும். ஆகவே வறட்சியிற் பிழைத்தல் வேறு, மிகுதியாக விளைதல் வேறு என்று உணர்தல் வேண்டும்.

இவ்வுண்மைக்குத் தென்பாண்டிக் கரிசல் நிலமே சான்று. ஆங்கு வடகிழக்குப் பருவமழையை நம்பி மானாவாரியாக விதைக்கப்பட்டு வந்தது கருங்கண்ணிப் பருத்தி. கரிமண் தேக்கிவைத்த ஈரத்தைக்கொண்டே அது காய்த்து முற்றும். 1901ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையம் அவ்வினத்தினின்று நல்ல வகைகளைத் தேர்ந்தெடுத்து வழங்கியது. எனினும் கருங்கண்ணியின் இழை குட்டையானது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த கம்போடியாப் பருத்தி நீண்ட இழையுடையதாய், கோயம்புத்தூர்ப் பகுதியின் கிணற்றுப் பாசனத்திற் செழித்தது. ஆலைகள் நீண்ட இழையையே விரும்பியமையால் நாட்டினங்கள் நாளடைவில் அருகின.

2002ஆம் ஆண்டில் இந்தியாவில் அனுமதிக்கப்பட்ட பி.டி. பருத்தியும் இங்கு நினைக்கத்தக்கது. அதிற் சேர்க்கப்பட்ட மரபணு காய்ப்புழுவைத் தடுப்பதற்கேயன்றி வறட்சியைத் தாங்குவதற்கன்று. இதனை அறியாது, கிணறில்லாத நிலத்தில் அதனை விதைத்து மழையும் பொய்ப்பின், விதைக்கெனச் செலவிட்ட பொருளே கடனாய் நிற்கும்.

மாணவர்காள்! சிறந்த விதை எது என்று வினவுதற்குமுன், எந்நிலத்திற்கு, எவ்வளவு நீருக்கு என்று வினவுங்கள். நாட்டினங்களைப் பழையன என்று கைவிடாது பேணுதல் நம் கடமை; நீண்ட இழையையும் வறட்சி பொறுக்கும் இயல்பையும் ஒருங்கே பெற விழையும் ஆராய்ச்சியாளருக்கு அவையே மூலதனமாகும்.