ஐந்து அங்குலச் சதுரங்கள்

அலாஸ்காவின் தென்கிழக்குக் கரையில் கிளிங்கிற் என்னும் மக்கள் வாழ்கின்றனர். அவர்களின் 'சில்கற்' போர்வை பேர்பெற்றது. மலையாட்டு மயிரையும் சீடர் மரப்பட்டையையும் தொடையில் வைத்துத் திரித்து நூலாக்குவார்கள். நாடா கிடையாது, சட்டத்தில் பாவு நூல் தொங்க, ஊடு நூலை விரல்களாலேயே முறுக்கிப் பின்ன வேண்டும். கடகம் இழைக்கும் எங்கள் பெண்களுக்கு இது சட்டென விளங்கும். ஒரு போர்வைக்கு ஓராண்டுக்கு மேலும் செல்லும். அதில் வரும் உருவங்கள் குலச்சின்னங்கள். சடங்கில் அதைப் போர்த்தி ஆடுகையில் குலத்தின் கதை சபைக்கு நினைவூட்டப்படும்.

மறைபரப்பாளர் பலர் அச்சடங்குகளைக் கைவிடும்படி வற்புறுத்தினர். குருவாகிய நான் இதை எழுதாமல் விடுவது நேர்மையாகாது. கடைசியில் இந்நெசவு தெரிந்தோர் மிகச் சிலரே எஞ்சினர். அவர்களுள் ஜெனி துளுநோற் என்னும் மூதாட்டி, 90 வயது கடந்தபின், 1985இல் பெண்கள் சிலரைக் கூட்டிப் பழக்கினார். மறு ஆண்டு காலமானார். அவரிடம் பயின்றவர் கிளாரிசா றிசால்.

2016இல் றிசால் பல ஊர்களிலும் இருந்த நெசவாளரிடம், ஆளுக்கு ஐந்து அங்குலச் சதுரம் ஒன்று நெய்து தரும்படி கேட்டார். 40 பேருக்கு மேல் நெய்தார்கள். ஒவ்வொருவரும் தமக்குரிய வடிவத்தை அதில் வைத்தனர். எல்லாம் சேர்ந்து ஒரே போர்வையாயிற்று. முற்காலத்தில் முழுப் போர்வையைத் துண்டாக்கி விருந்தினருக்குப் பங்கிடும் வழக்கமும் இருந்தது. இங்கே துண்டுகள் வந்து சேர்ந்தன.

அது போர்த்தப்பட்ட இடம் கிளேசியர் குடா. ஹூனா கிளிங்கிற் மக்களின் தாய்நிலம் அது. 18ஆம் நூற்றாண்டில் பனிப்பாறை முன்னேறி அவர்களை விரட்டியது. பனி பின்வாங்கியதும் மீன்பிடிக்கவும் வேட்டையாடவும் திரும்பி வந்தார்கள். 1925இல் அரசு அந்நிலத்தைப் பாதுகாப்பிடமாக்கிய பின் அதற்கும் தடைகள் வந்தன. 2016 ஆகஸ்ட் 25இல் அங்கே அவர்களின் மூதாதையர் இல்லம் திறக்கப்பட்டது. வள்ளங்களில் வந்து இறங்கினார்கள்.

கம்பளி நெய்து பிழைக்கலாம் என்று சொல்ல வரவில்லை. எங்கள் வெயிலுக்கு அது ஆகாது. ஆனால் ஒரு சதுரம் மடியில் அடங்கும். கொட்டிலிலும், பிள்ளை தூங்கும் நேரத்திலும் செய்யலாம்.

அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொரு குடும்பமும் ஒரு சதுரம் கொண்டுவாருங்கள்: பன்னிலோ, ஓலையிலோ, பழஞ்சேலையிலோ. விட்டு வந்த காணியில் ஒன்றை, கிணற்றடியையோ மாட்டுப்பட்டியையோ, அதில் காட்டுங்கள். பிள்ளைகளையும் கேட்டுச் செய்யுங்கள். இணைத்துத் தைப்பதற்கு ஓரத்தில் அரை அங்குலம் விடவும்.