இடையில் நிற்கும் மென்பொருள்

இரவு இரயிலில் ஆர்.ஏ.சி. பயணச்சீட்டுடன் ஏறியவரின் பாடு உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். பக்கவாட்டுக் கீழ்ப்படுக்கை ஒன்றில் இருவர் உட்கார்ந்து வரவேண்டும். பதிவு செய்த யாராவது வராமற்போனால்தான் கால் நீட்டிப் படுக்க வழி பிறக்கும்.

முன்பெல்லாம் பரிசோதகர் காகிதப் பட்டியலில் பேனாவால் அடித்து எழுதி இதை முடிவு செய்வார். இப்போது பல இரயில்களில் அவர் கையில் ஒரு சிறு கருவி இருக்கிறது. வராதவர் பெயரை அதில் குறித்ததும், காலியான படுக்கை ஆர்.ஏ.சி. பயணிக்குக் கிடைக்கிறது. மிஞ்சியவற்றை அடுத்து வரும் நிலையங்களில் உள்ளவர்கள் பெறலாம்.

கருவி யாரிடம் பேசுகிறது என்று பார்ப்போம். டில்லியில் 1985இல் கணிப்பொறி முன்பதிவு தொடங்கியது. பிறகு மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய இடங்களிலும் மையங்கள் ஏற்பட்டன. இவ்வைந்தையும் 'கன்சர்ட்' என்னும் மென்பொருள் 1999இல் ஒன்றாக இணைத்தது. சி, ஃபோர்ட்ரான் மொழிகளில் எழுதப்பட்ட அது, நிலையக் கவுண்டரில் அமர்ந்த எழுத்தருக்காக உருவானது. ஓடும் வண்டியிலிருந்து ஒரு கைக்கருவி பேசும் என்று அன்று யார் நினைத்தார்கள்?

நாள்தோறும் இலட்சக்கணக்கானோர் நம்பியிருக்கும் ஓர் அமைப்பை நிறுத்திவிட்டுப் புதிதாக எழுத முடியுமா? முடியாது. ஆகவே பழைய கணிப்பொறிக்கும் புதிய கருவிக்கும் நடுவே ஒரு மென்பொருளை வைக்கிறார்கள். இதற்கு இடைமென்பொருள், அதாவது 'மிடில்வேர்' என்று பெயர். இப்பெயர் புதிதல்ல. 1968இல் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நடந்த மென்பொருள் மாநாட்டிலேயே இது பேசப்பட்டது.

இருவர் மொழியையும் அறிந்த துபாஷி போன்றது இது என்று பொதுவாகச் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் மொழிபெயர்ப்பு எளிய வேலை. கடினமான வேலை வேறொன்று இருக்கிறது.

கொங்கண் இரயில் பாதையில் உள்ள கர்புதே சுரங்கம் சுமார் 6.5 கிலோமீட்டர் நீளமுள்ளது. இப்படிப்பட்ட ஓரிடத்தை வண்டி நெருங்குவதாக வைத்துக்கொள்வோம். "எஸ் 4 பெட்டி, படுக்கை 20 காலி" என்று கருவி செய்தி அனுப்புகிறது. செய்தி மையத்தை அடைந்துவிட்டது. ஆனால் "கிடைத்தது" என்ற ஒப்புகை திரும்புவதற்குள் வண்டி சுரங்கத்தில் நுழைந்துவிட்டது, அலைத்தொடர்பு இல்லை.

கருவிக்கு என்ன தெரியும்? பதில் வரவில்லை என்பது மட்டுமே. செய்தி தொலைந்ததா, பதில் தொலைந்ததா என்று அதனால் கண்டறிய முடியாது. எனவே சுரங்கத்தைத் தாண்டியதும் அதே செய்தியை மறுபடி அனுப்புகிறது. இதற்கிடையில் 20ஆம் படுக்கையை அடுத்த நிலையத்துப் பயணி ஒருவருக்கு மையம் கொடுத்துவிட்டது! இப்போது "20 காலி" என்ற செய்தி மீண்டும் வந்தால்? மையம் அதை நம்பி இன்னொருவருக்கும் கொடுத்துவிடும். நள்ளிரவில் ஒரு படுக்கைக்கு இருவர் நிற்பார்கள்.

இத்தகைய அமைப்புகளில் இதைத் தடுக்கும் வழி வியக்கத்தக்க அளவு எளிமையானது. ஒவ்வொரு செய்திக்கும் ஓர் எண். நமது செய்தியின் எண் 417 என்போம். மறுபடி அனுப்பினாலும் எண் மாறாது; ஒப்புகை வரும்வரை கருவி அதை அழிக்காது. இடைமென்பொருள் ஒரு பதிவேடு வைத்திருக்கும். 417 இரண்டாம் முறை வந்தால், "இது முன்பே நிறைவேறியது" என்று கண்டு, மையத்திடம் கொடுக்காமல் ஒப்புகையை மட்டும் திருப்பி அனுப்பும். செல்பேசியில் பணம் செலுத்தும்போது பொத்தானை இருமுறை அழுத்துகிறோமே, அங்கும் இம்முறை பயன்படுகிறது.

வகுப்பில் இதைச் சோதித்துப் பார்க்கலாம். ஒருவர் பரிசோதகர், ஒருவர் மையம், ஒருவர் நடுவில். துண்டுச்சீட்டுகளில் செய்தி அனுப்புங்கள். ஒவ்வொரு முறையும், பதிலுக்கும் சேர்த்துத்தான், தாயக்கட்டையை உருட்டுங்கள்; தாயம் விழுந்தால் அந்தச் சீட்டு தொலைந்தது. பதில் வராத செய்தியை மறுபடி அனுப்பவேண்டும். முதல் ஆட்டத்தை எண்ணில்லாமல் ஆடுங்கள். எத்தனை படுக்கைகள் இருமுறை விற்கப்பட்டன என்று எண்ணிவிட்டு, பிறகு எண்ணிட்டு ஆடுங்கள்.