பத்து நாள் கட்டிப்போட்டால் தெளிந்துவிடுமா?

கஞ்சா, மாத்திரை என்று பேச்சு எழுந்தால் டீக்கடை பெஞ்சில் ஆளுக்கொரு தீர்ப்பு வந்துவிடும். "புடிச்சு உள்ள போடணும்" என்பார் ஒருவர். "அதெல்லாம் மூலிகை சார்" என்பார் இன்னொருவர். இரண்டு பேருமே சட்டத்தையும் பார்த்திருக்க மாட்டார்கள், மனநல மருத்துவரிடமும் கேட்டிருக்க மாட்டார்கள். அப்படி உலவும் சில நம்பிக்கைகளை இங்கே எடுத்துக்கொள்வோம்.

"சரக்கு வேறு, போதைப்பொருள் வேறு"

சட்டத்துக்கு வேறு, உடம்புக்கு அப்படியொன்றும் இல்லை. மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளிவந்த நாடு தழுவிய ஆய்வின்படி, மது அருந்துபவர்கள் சுமார் 16 கோடி பேர். கஞ்சா, சரஸ், பாங்கு எல்லாம் சேர்த்தே 3 கோடி சொச்சம்தான். குடியிலிருந்து மீள உதவி தேவைப்படுபவர்கள் மட்டும் 5.7 கோடி. ஆனாலும் பையனின் சட்டைப்பையில் பொட்டலம் கிடைத்தால் கூடிவிடுகிற சொந்தபந்தம், தினமும் குவார்ட்டரோடு வீடு திரும்பும் அப்பாவுக்காகக் கூடுவதில்லை.

சட்டம் கோடு கிழித்த இடமும் விநோதமானது. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 'கஞ்சா' என்பது செடியின் பூத்த, காய்த்த நுனிகள். அந்த நுனி சேராத இலையும் விதையும் அதில் அடங்கா. அதனால்தான் இலையை அரைத்துச் செய்யும் பாங்கை வட மாநிலங்கள் சிலவற்றில் அரசு உரிமம் பெற்ற கடைகளிலேயே விற்கிறார்கள். செடி ஒன்றுதான், நுனிக்குச் சிறை, இலைக்கு லைசென்ஸ். ஆங்கிலேயர் காலத்தில் இதற்கென்றே ஓர் ஆணையம் அமைத்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து, 1894-இல் அறிக்கை தந்தார்கள். முழுத் தடை வேண்டாம், வரியும் உரிமமுமாகக் கட்டுப்படுத்தினால் போதும் என்றது அது. கஞ்சா இந்நாட்டில் ஆதிகாலம் தொட்டே எங்கும் குற்றமாக இருந்ததென்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

"இயற்கையானது, கெடுதல் இல்லை"

மேலே சொன்ன ஆணையத்தையே இதற்கும் சாட்சிக்கு இழுப்பார்கள். அளவோடு பயன்படுத்துவதைப் பற்றித்தான் அது நல்ல வார்த்தை சொன்னது. பதினைந்து வயதுப் பையன் தினமும் இழுப்பதைப் பற்றி அல்ல. மூளை வளர்ந்து முடிய இருபதுகளின் நடுப்பகுதி ஆகிறது. அதற்குமுன் தொடங்கி அடிக்கடி பயன்படுத்துபவர்களுக்கு மனச்சிதைவு போன்ற நோய்கள் வரும் வாய்ப்பு கூடுகிறது. பல வருடம் விடாமல் பிடிப்பவர்கள் சிலருக்கு ஓயாத வாந்தி வரும்; வெந்நீரில் குளித்தால் மட்டும் சற்று அடங்கும். கஞ்சாவை நிறுத்தினால்தான் அது தீரும்.

ஆனால் இதற்கு நேரெதிரான பொய்யும் ஒன்று உண்டு. பள்ளி விழிப்புணர்வுக் கூட்டங்களில் அடிக்கடி கேட்பது: ஒரு தடவை இழுத்தால் வாழ்க்கையே முடிந்தது. கஞ்சாவைத் தொட்டுப் பார்ப்பவர்களில் அதற்கு அடிமையாகிறவர்கள் ஏறத்தாழ பத்தில் ஒருவர்; பதின்பருவத்தில் தொடங்கினால் ஆறில் ஒருவர் என்பது மருத்துவ உலகில் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. ஆறில் ஒன்று என்பதே பயப்படப் போதுமான எண். அதை ஆறுக்கு ஆறு என்று ஊதிச் சொன்னால், இழுத்துவிட்டு மறுநாள் பரீட்சை எழுதிப் பாஸான நண்பனைப் பார்த்த மாணவன், ஊசியைப் பற்றி நாம் சொல்லும் உண்மையையும் நம்ப மாட்டான்.

"பொட்டலம் பிடிபட்டால் பத்து வருஷம்"

எடையைப் பொறுத்தது. 2001 திருத்தம் கொண்டுவந்த படிநிலைப்படி கஞ்சா ஒரு கிலோவுக்குக் கீழ் 'சிறிய அளவு': ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 20 கிலோவுக்கு மேல் 'வணிக அளவு': குறைந்தது பத்து ஆண்டு, அதிகபட்சம் இருபது. இடைப்பட்டதற்குப் பத்து ஆண்டு வரை. ஹெராயினுக்கு இந்த எல்லைகள் 5 கிராமும் 250 கிராமும். இதில் பலருக்குத் தெரியாத கண்ணி ஒன்று இருக்கிறது. கலப்படம் செய்த தூளில் எத்தனை கிராம் அசல் ஹெராயின் என்று பார்ப்பதில்லை. மொத்தத் தூளின் எடையைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வணிக அளவு என்று ஆகிவிட்டால் ஜாமீன் குதிரைக்கொம்பு. இவர் குற்றவாளி அல்ல என்று நம்ப நியாயமான காரணம் இருப்பதாக, விசாரணை முடியும் முன்பே நீதிபதிக்குத் தோன்ற வேண்டும்.

அதே ஆண்டில் தமிழ்நாட்டு வழக்கொன்றிலும் பெரிய தீர்ப்பு வந்தது. போதைப்பொருள் தடுப்பு அதிகாரிகளிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தைக் கொண்டு ஒருவரைத் தண்டிக்க முடியாது என்றது தோபான் சிங் வழக்கு. அதுவரை பலர் தண்டனை பெற்றது அந்தக் காகிதத்தை வைத்துத்தான்.

சட்டத்தில் கடுமை போதவில்லை என்பவர்களுக்கு ஒரு தகவல்: பெரிய அளவில் கடத்தி மறுபடி பிடிபட்டால் தூக்கு வரை இதில் இடமிருக்கிறது, 1989-இலிருந்தே. ஆனால் கடுமையால் மட்டும் தீர்ந்துவிடாது. டிரமடால் என்ற வலி மாத்திரையை 2018-இல் இந்தச் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். அது ஒதுங்கிய இடத்துக்கு டாபென்டடால் என்ற இன்னொரு வலி மாத்திரை வந்து உட்கார்ந்துகொண்டது. அதைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்து நரம்பில் ஏற்றுகிறார்கள். மாத்திரையில் சேர்க்கும் மாவும் டால்க்கும் இரத்தக் குழாயை அடைத்துக் கை புரையோடிப் போகிறது.

"ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் வரும்"

இந்த ஒரு பயம்தான் மற்ற எல்லாவற்றையும்விடக் கூடுதலான கேடு செய்கிறது. போதைக்கு அடிமையான ஒருவர் மீது பயன்படுத்திய குற்றத்துக்கோ சிறிய அளவு வைத்திருந்த குற்றத்துக்கோ வழக்கு இருந்தாலும், அவராக முன்வந்து அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மருத்துவமனையில் சிகிச்சை பெற்றால், அந்த வழக்கிலிருந்து அவருக்கு விலக்குத் தருகிறது 64-ஏ பிரிவு. சிகிச்சையைப் பாதியில் விட்டால் விலக்கும் போய்விடலாம். கடுமைக்குப் பேர்போன இதே சட்டத்தில்தான் இந்தக் கதவும் இருக்கிறது. கைதாகும் பையனுக்கும் அவன் அம்மாவுக்கும் யாராவது இதைச் சொல்கிறார்களா என்பது வேறு விஷயம்.

"பத்து நாள் கட்டிப்போட்டால் தெளிந்துவிடும்"

ஊருக்கு வெளியே ஒரு வீடு, பூட்டிய இரும்புக் கேட், 'மறுவாழ்வு மையம்' என்று ஒரு பலகை. உள்ளே அடி. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி இத்தகைய மையங்கள் பதிவு செய்திருக்க வேண்டும். நோயாளியைச் சங்கிலியால் பிணைப்பது எந்தக் காரணத்தைச் சொன்னாலும் குற்றம்.

அடியைவிட ஆபத்தான விஷயம் ஒன்று இருக்கிறது. ஹெராயினோ மாத்திரை ஊசியோ பழகிய உடம்பு, சில வாரம் நிறுத்தினாலே பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்துவிடும். பூட்டிவைத்து வெளியே விட்டதும் ஆள் பழைய கூட்டாளியைத் தேடிப் போய்ப் பழைய அளவையே ஏற்றினால் மூச்சு நின்றுவிடும். சிறையிலிருந்து வந்தவுடன் நேரும் மரணங்கள் பலவற்றுக்கும் இதுவே காரணம்.

இதைத் தவிர்க்கத்தான் மருத்துவர்கள் புப்ரினார்பின் தருகிறார்கள். "போதைக்கு இன்னொரு போதையா?" என்று குடும்பங்கள் இங்கேயும் முகம் சுளிக்கும். நாக்குக்கு அடியில் வைத்துக் கரையும் மாத்திரை அது; உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 2005 முதல் இருக்கிறது. நடுக்கத்தையும் ஏக்கத்தையும் அடக்கும். ஆளை வேலைக்குப் போகவிடும். ஊசியை நிறுத்துவதால் எச்ஐவி, கல்லீரல் அழற்சி பரவுவதும் குறையும். மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் எடுக்க வேண்டியிருக்கும். ஊசி போடுபவர்களுக்கு இதை எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் மையங்களில், ஊழியர் கண்முன்னே, இலவசமாகவே கொடுக்கிறார்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் மத்திய அரசின் கட்டணமில்லா எண் 14446.