சின்ன பன், இரண்டு துண்டு பேக்கன்

லீட்ஸ் நகரில் எனக்கு அது முதல் குளிர்காலம், 2006ன் கடைசி. நான் வாடகைக்கு இருந்த மாடியறையின் சொந்தக்கார அம்மாவுக்கு எழுபது வயது. மழையும் இருட்டுமாக விடிந்த ஒரு சனிக்கிழமை, அடுக்களையிலிருந்து வந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினேன். உள்ளங்கை அகலத்தில் ஒரு பன். அதில் வெண்ணெய் தடவி, இரண்டே துண்டு பேக்கனை மடித்து வைத்து, "சாப்பிடு கண்ணு" என்று நீட்டினார். ஊரை நினைத்து ஏங்கிக் கிடந்த மனசு அந்தச் சூட்டில் கொஞ்சம் இளகியது.

நமக்கு ரசஞ்சோறு எப்படியோ, வட இங்கிலாந்துக்காரர்களுக்கு இந்த 'பட்டி' அப்படி. பட்டர்தான் பட்டி ஆனது. பன்னுக்குத்தான் ஊருக்கொரு பெயர்: லீட்ஸில் பிரெட்கேக், மான்செஸ்டரில் பார்ம், நாட்டிங்காமில் காப், ஸ்காட்லாந்தில் ரோல். அன்றிலிருந்து இதை என் வீட்டிலும் செய்து வருகிறேன். செய்யச் செய்யத்தான் தெரிந்தது, இவ்வளவு எளிய சாப்பாட்டைச் சுற்றி எத்தனை தவறான நம்பிக்கைகள் இருக்கின்றன என்று.

"புகை போட்ட பேக்கன் வெந்ததுதான், அப்படியே சாப்பிடலாம்."

கூடாது. பேக்கன் என்பது உப்பில் பதப்படுத்திய பன்றி இறைச்சி. நம் உப்புக்கண்டத்துக்கு உறவு என்று சொல்லலாம், ஆனால் அந்த அளவுக்குக் காய்ந்தது அல்ல. பிரிட்டிஷ் பேக்கனுக்குப் போடும் புகை வாசனைக்காகத்தான். இறைச்சியை வேகவைக்கும் சூடு அதில் இல்லை. பொட்டலத்தில் இருப்பது பச்சை இறைச்சி. பச்சை இறைச்சியைத் தொட்ட பலகையையும் கையையும் எப்படிக் கழுவுவோமோ, இதற்கும் அப்படியே கழுவ வேண்டும்.

"சட்டி புகையக் காய்ந்து, எண்ணெய் ஊற்றி, அப்புறம்தான் பேக்கனைப் போட வேண்டும்."

ருசியைக் கெடுப்பதில் முதலிடம் இந்த நம்பிக்கைக்குத்தான். நம் வீடுகளில் மீன் வறுக்கும் பழக்கத்திலிருந்து வந்ததாக இருக்கலாம். மீனில் அவ்வளவு கொழுப்பு கிடையாது, எண்ணெய் வேண்டும். பேக்கன் தனக்கு வேண்டிய நெய்யைத் தானே கொண்டு வருகிறது. அது உருகி வெளியே வர நாம் நேரம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த அம்மா செய்ததை அருகில் நின்று பார்த்திருக்கிறேன். கனத்த இரும்புத் தவா, அடுப்பு இன்னும் பற்ற வைக்கவில்லை. பிரிட்டனில் வழக்கமாகக் கிடைப்பது முதுகுக் கறியில் செய்த பேக்கன், அதன் ஒரு ஓரத்தில் மட்டும் வெள்ளையாகக் கொழுப்புப் பட்டை ஓடும். இரண்டு துண்டுகளையும் சேர்த்து இடுக்கியால் பிடித்து, அந்தப் பட்டை தவாவில் படும்படி நிமிர்த்தி வைப்பார். பிறகு சின்னத் தீ. முதல் இரண்டு நிமிடம் ஒரு சத்தமும் இருக்காது. வெள்ளைப் பட்டை மெல்ல மெல்லக் கண்ணாடி போல ஆகும், அடியில் நெய் கசியும். அப்புறம்தான் துண்டுகளைப் படுக்க வைப்பார். சடசடவென்று தெறித்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. சத்தம் அடங்கி, சின்னச் சின்ன நுரையாகக் கொதித்தால் ஈரம் போய்விட்டது. அவர் கடிகாரத்தைப் பார்த்ததே இல்லை, காதைத்தான் கொடுத்திருப்பார்.

காரணம் எளியது. ஈரம் இருக்கும்வரை இறைச்சியின் மேற்பரப்பு 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். பொன்னிறமும் வாசனையும் தரும் மாற்றம் விறுவிறுப்பாக நடக்க 140 டிகிரி போல வேண்டும். பிரெஞ்சுக்காரர் லூயி கமீல் மையார் 1912ல் விவரித்த வினை அது. முறுகிய தோசையின் நிறமும் அதுதான். காய்ந்த தவாவில் போட்டால் வெளிப்புறம் கருகிவிடும், கொழுப்பு மட்டும் உருகாமல் ரப்பர் மாதிரி நிற்கும்.

தவாவில் வெள்ளை நுரை பொங்கினால் கறி கெட்டுவிட்டது என்று பதறுபவர்கள் உண்டு. கெடவில்லை. எடை கூட ஊசி வழியாக உப்புநீர் ஏற்றிய பேக்கன் அது. ஏற்றிய நீர் இறைச்சியின் புரதத்தோடு சேர்ந்து வெளியே வருகிறது. பொட்டலத்தின் பின்புறம் சேர்மானப் பட்டியலில் 'தண்ணீர்' இருக்கிறதா என்று பாருங்கள். உலர் உப்பு தடவிப் பதப்படுத்தியதில் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை, விலைதான் கூட.

"சரியான பேக்கன் சாண்ட்விச்சுக்கு விஞ்ஞானிகள் சூத்திரமே கண்டுபிடித்துவிட்டார்கள்."

2007ல், நான் அங்கே இருந்தபோதே, லீட்ஸ் பல்கலைக்கழகத்திலிருந்து அந்தச் செய்தி வந்தது. சமைக்கும் முறை, எண்ணெய், பேக்கன் வகை எல்லாவற்றையும் மாற்றி மாற்றி 700 விதமாகச் செய்து பார்த்தார்கள். ஆய்வுக்குப் பணம் கொடுத்தது டென்மார்க் பேக்கன் தரப்பு. பிரிட்டனுக்குப் பேக்கன் விற்பது டென்மார்க்கின் பழைய தொழில், முதல் கூட்டுறவு ஆலை 1887ல் ஹார்சன்ஸ் ஊரில் திறந்தது. ஆகவே அந்தச் சூத்திரத்தை நான் சட்டமாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் ஒரு முடிவு அனுபவத்தோடு ஒத்துப்போகிறது: சாப்பிட்டவர்களுக்கு வாசனையையும் ருசியையும் போலவே கடிக்கும்போது கேட்கும் மொறுமொறுப்பும் முக்கியமாக இருந்தது.

"நிறைய அடுக்கினால்தான் மனசு நிறையும்."

இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இரண்டு துண்டு போதும். அது கஞ்சத்தனம் அல்ல.

1940 ஜனவரி 8ந் தேதி பிரிட்டனில் உணவுப் பங்கீடு தொடங்கியது. முதல் நாளே பங்கீட்டுக்கு வந்தவை மூன்று: பேக்கன், வெண்ணெய், சர்க்கரை. பட்டியின் உயிரான இரண்டும் அதில் அடக்கம். போர்க்காலத்தில் பொதுவாக ஆளுக்கு வாரத்துக்கு 4 அவுன்ஸ் பேக்கன், அதாவது 113 கிராம். வெண்ணெய் 2 அவுன்ஸ் அளவு. ரொட்டிக்குப் போர் முடியும்வரை பங்கீடு இல்லை, முடிந்த பிறகு 1946ல் வந்து 1948 வரை நீடித்தது. பேக்கன் பங்கீட்டிலிருந்து விடுபட்டது 1954 ஜூலை 4ந் தேதி.

அந்த அம்மா மூன்று நான்கு வயதிலிருந்து கல்யாண வயது வரை இப்படித்தான் சாப்பிட்டிருக்கிறார். சனிக்கிழமைகளில் அவருடைய அம்மா துண்டுகளைப் பாதிப் பாதியாக நறுக்கி, சின்னச் சின்ன பன்னில் வைத்து, எல்லாப் பிள்ளைகள் கையிலும் முழுதாக ஒன்று இருக்கும்படி பார்த்துக்கொள்வாராம். "பாதி கிடைத்தது என்று எங்களுக்குத் தோன்றியதே இல்லை" என்றார். எழுபது வயதிலும் அவர் சின்ன பன்னையே தேடி வாங்கியது அந்த நினைவால்தான் என்று நான் நம்புகிறேன்.

நாக்குக்கும் சின்னதுதான் சரி. மூன்று நான்கு துண்டு அடுக்கினால் நடுவில் இருப்பவை ஒன்றின் ஆவியில் ஒன்று நமத்துப் போகும், அந்த மொறுமொறுப்பு செத்துவிடும். பன்னின் இரு பக்கமும் வெண்ணெயை ஓரம்வரை தடவுங்கள், ஈரம் ரொட்டிக்குள் இறங்காமல் அது தடுக்கும். உப்பில்லாத வெண்ணெயாக இருக்கட்டும். பேக்கனிலும் ரொட்டியிலும் இருக்கும் உப்பே போதும். பெரியவர்களுக்கு ஒரு நாள் முழுவதற்கும் 6 கிராமுக்கு மேல் வேண்டாம் என்பது பிரிட்டன் சுகாதாரத் துறையின் அறிவுரை.

மேலே ஊற்றும் பிரவுன் சாஸில் நமக்கொரு சொந்தம் இருக்கிறது. நாட்டிங்காம் மளிகைக்காரர் ஃபிரடெரிக் கிப்சன் கார்ட்டன் 1895ல் பெயர் பதிவு செய்த எச்.பி. சாஸின் சேர்மானத்தைப் படித்தபோது, பேரீச்சம்பழத்தோடு புளியும் இருந்தது. அசல் ஆங்கிலேயச் சுவை என்று எல்லோரும் நினைப்பதில் பாதி நம் அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்து ஜாடியில் இருப்பது. அந்த அம்மாவிடம் சொன்னதும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு புட்டியைத் திருப்பிப் பார்த்தார்.

"பேக்கனும் சிகரெட்டும் ஒன்று என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது."

சொன்னது வேறு. 2015 அக்டோபரில் அந்நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, பதப்படுத்திய இறைச்சியை முதல் வகுப்பில் சேர்த்தது. புகையிலையும் அதே வகுப்பு. ஆனால் அந்த வகுப்பு சொல்வது சான்று எவ்வளவு உறுதி என்பதை. ஆபத்து எவ்வளவு பெரிது என்பதை அல்ல. பதப்படுத்திய இறைச்சி மிகுந்த உணவால் உலகில் ஆண்டுக்குச் சுமார் 34,000 புற்றுநோய் மரணங்கள் என்று அப்போது மேற்கோள் காட்டிய கணக்கு, புகையிலைக்குச் சொன்னது 10 லட்சம்.

அதற்காக, பயமே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு 18 சதவீதம் கூடுகிறது என்பதே அவர்கள் சொன்ன அளவு. சமைத்த பேக்கன் இரண்டு துண்டு கிட்டத்தட்ட அவ்வளவு வரும். பிரிட்டனின் புற்றுநோய் ஆராய்ச்சி அறக்கட்டளை அதைத் தலைக்கணக்கில் சொன்னது: மிகக் குறைவாகச் சாப்பிடும் 1,000 பேரில் வாழ்நாளில் 56 பேருக்கு அந்த நோய் வரலாம், மிக அதிகமாகச் சாப்பிடும் 1,000 பேரில் 66 பேருக்கு. அந்தப் பத்துப் பேர் யாரோ ஒருவரின் அப்பாவும் அக்காவும்தான். இவ்வளவு வரை ஆபத்தே இல்லை என்று ஓர் அளவை அந்த முகமையால் சொல்ல முடியவில்லை. ஆகவே தினசரிக் காலைச் சாப்பாடாக இதை வைத்துக்கொள்ளாதீர்கள். என் வீட்டில் மாதம் ஒன்றிரண்டு சனிக்கிழமைதான்.

"நைட்ரைட் சேர்க்காதது என்று எழுதியிருந்தால் கவலையில்லை."

நைட்ரைட் வெறும் நிறத்துக்காகச் சேர்ப்பது அல்ல. உயிரைக் குடிக்கும் பாட்டுலினம் கிருமி வளராமல் தடுக்கிறது, பேக்கனுக்கே உரிய ருசியையும் தருகிறது. அதிகச் சூட்டில் அதிலிருந்து நைட்ரோசமைன்கள் உருவாகலாம் என்பதுதான் அச்சம். கருக விடாமல் சின்னத் தீயில் செய்யச் சொல்வதற்கு இது இன்னொரு காரணம். செலரிச் சாறு சேர்த்துவிட்டு 'இயற்கை' என்று விற்பதை நம்பாதீர்கள். செலரியில் இருக்கும் நைட்ரேட்டும் நைட்ரைட்டாகத்தான் மாறுகிறது, மூலக்கூறு ஒன்றே. உண்மையிலேயே நைட்ரைட் இல்லாத பேக்கனும் பிரிட்டனில் கிடைக்கிறது. ஆனால் உப்பு அதிலும் உண்டு, அதுவும் பதப்படுத்திய இறைச்சிதான்.

"மிஞ்சிய நெய்யை வெந்நீர் விட்டுத் தொட்டியில் ஊற்றிவிடலாம்."

வெந்நீர் நாலடி போவதற்குள் ஆறிவிடும், நெய் குழாய்க்குள் உறைந்து ஒட்டும். 2017ல் லண்டன் வைட்சேப்பல் பகுதிச் சாக்கடையில் 250 மீட்டர் நீளத்துக்கு 130 டன் கொழுப்பும் ஈரத்துடைப்பான்களும் கல்லாக இறுகிக் கிடந்தன. அதை உடைத்தெடுக்க ஆட்கள் உள்ளே இறங்கி வாரக்கணக்கில் வேலை செய்தார்கள். எவரோ ஒருவர் வீட்டில் ஊற்றிய ஒரு கரண்டிக்காக இன்னொருவர் அந்த இருட்டில் நிற்க வேண்டியிருக்கிறது.

அந்த அம்மா நெய்யைச் சின்னப் பீங்கான் கிண்ணத்தில் வடித்து, தட்டு போட்டு, குளிர்பெட்டியின் மேல்தட்டில் வைப்பார். மறுநாள் அது வெள்ளை மெழுகாக உறைந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை அதில் ஒரு சிட்டிகை எடுத்துத் தவாவில் விட்டு, முந்தின நாள் மிஞ்சிய பன்னைப் பிளந்து, வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி வைத்துப் பொன்னிறமாகச் சுட்டு எனக்குப் பாதி, அவருக்குப் பாதி என்று எடுத்து வைப்பார்.