டிபிஏ வேலைக்குப் படிக்கப் புத்தகம் தேடுறீங்களா? காசை மிச்சப்படுத்தும் சில குறிப்புகள்

இருங்காட்டுக்கோட்டையில் ஆரம்பிச்சு ஸ்ரீபெரும்புதூர், வல்லம் வடகால், ஒரகடம்னு எந்த சிப்காட் கம்பெனி கேட்டைத் தாண்டினாலும், லைன் ஓடுறதுக்குப் பின்னால ஒரு டேட்டாபேஸும் ஓடிக்கிட்டிருக்கு. எந்த பார்ட் எந்த லாட்டில் வந்தது, எந்த வண்டியில் ஏறுச்சுங்கிற கணக்கெல்லாம் அதுக்குள்ளதான். அதைப் பார்த்துக்குற டிபிஏ வேலைக்கு மாறணும்னு நம்ம வீடுகளிலும் பிஜி ரூம்களிலும் எத்தனையோ பேர் ஷிப்ட் முடிஞ்ச அலுப்போடயே உட்கார்ந்து படிக்கிறாங்க. செலக்ட், ஜாயின் எல்லாம் உங்களுக்கே தெரியும். அடுத்து எந்தப் புத்தகத்துக்குக் காசு கொடுக்கலாம், எதுக்கு வேண்டாம்னு பார்ப்போம்.

1. கடைக்குப் போறதுக்கு முன்னாடி ஐடி டிபார்ட்மென்ட் அண்ணாகிட்டயோ அக்காகிட்டயோ டீ பிரேக்கில் ரெண்டே கேள்வி கேளுங்க: இங்க ஓடுறது எந்த டேட்டாபேஸ், எந்த வெர்ஷன்? ஆரக்கிள் 19சி ஓடுற இடத்தில் இருந்துக்கிட்டு மைஎஸ்க்யூஎல் புத்தகம் வாங்கினா, படிச்சதைக் கண்ணால பார்க்க வாய்ப்பே கிடைக்காது. வெளியே வேலை தேடுறவங்க, ஆசைப்படுற வேலைகளோட விளம்பரங்களை எடுத்து வச்சு எந்தப் பேர் அதிகமா வருதுன்னு பாருங்க.

2. அட்டையில் ஆரக்கிள்னு பெரிசா போட்டிருந்தாலே டிபிஏ புத்தகம் ஆகிடாது. நம்ம ஊர் மாணவர்கள் பலர் கையில் பார்த்திருக்கிற ஐவன் பேராஸ் எழுதிய எஸ்க்யூஎல், பிஎல்-எஸ்க்யூஎல் புத்தகம் புரோகிராம் எழுதுறவங்களுக்கானது. பொருளடக்கத்தில் இன்ஸ்டலேஷன், யூசர் அனுமதி, பேக்கப், ரிஸ்டோர், பேட்ச், கண்காணிப்பு இதெல்லாம் தனித்தனி அத்தியாயமா இருந்தாத்தான் அது நமக்கு வேண்டிய புத்தகம்.

3. புத்தகத்தைக் கையில் எடுத்ததும் முதல் அத்தியாயத்தை விட்டுட்டு நேரா ரிஸ்டோர் அத்தியாயத்துக்குப் போங்க. பேக்கப் எடுக்குறதைப் பக்கம் பக்கமா எழுதிட்டு, திரும்பக் கொண்டுவர்றதை ஒரு பத்தியில் முடிச்சிருந்தா அந்தப் புத்தகத்தைத் திரும்ப அலமாரியிலயே வச்சிடுங்க. 2017 ஜனவரி 31-ல் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு இன்ஜினியர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் கோப்புகளை அழிச்சிட்டார். பேக்கப்பைத் தேடினா, போஸ்ட்கிரெஸ் 9.6 டேட்டாபேஸை 9.2-க்கான கருவி பேக்கப் எடுக்கப் போய், ரொம்ப நாளாவே அது எடுபடாமல் இருந்தது அப்பத்தான் தெரிஞ்சது. தற்செயலா எடுத்து வச்சிருந்த ஒரு நகலை வச்சு மீண்டாங்க. ஆனாலும் ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான். எடுத்த பேக்கப்பை ரிஸ்டோர் பண்ணிச் சோதிக்கிற முறையைச் சொல்லாத புத்தகத்துக்கு ஒரு ரூபாய்கூட கொடுக்காதீங்க.

4. அடுத்து, கடைசிப் பக்கங்களில் இருக்கிற சொல்லடைவில் டிஸ்க் இடம் பத்தி எத்தனை பக்கத்தில் பேசியிருக்காங்கன்னு பாருங்க. கார் கம்பெனிகள் சூழ்ந்த நமக்கு இது ரொம்ப முக்கியம். 2023 ஆகஸ்ட் 29-ல் ஜப்பானில் டொயோட்டாவோட 14 தொழிற்சாலைகளும் நின்னுபோச்சு. ரெண்டு நாள் முன்னாடி பராமரிப்பு வேலையா டேட்டாபேஸில் சேர்ந்திருந்த தரவை அழிச்சு ஒழுங்குபடுத்தினப்போ டிஸ்க்கில் இடம் போதாமல், பார்ட்ஸ் ஆர்டர் வாங்குற சர்வர்கள் முடங்கினதுதான் காரணம். மாற்று சர்வரும் அதே சிஸ்டத்தில் இருந்ததால அதுவும் சேர்ந்து படுத்திடுச்சு. பெரிய கொள்ளளவுள்ள சர்வருக்குத் தரவை மாத்தின பிறகுதான் மறுநாள் லைன் ஓடுச்சு. லாக் ஃபைல் பெருகுறது, இடம் தீர்ந்தா என்ன செய்யுறது, மாற்று சர்வரை எங்க வைக்கிறது, இந்த மூணும் புத்தகத்தில் இருக்கணும்.

5. போஸ்ட்கிரெஸ் புத்தகம் பழசா புதுசான்னு கடையில் நின்னபடியே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. ரிக்கவரி பகுதியில் 'ரெக்கவரி டாட் கான்ஃப்' கோப்பை உருவாக்கச் சொன்னா, அது 2019-ல் வந்த 12-ஆம் வெர்ஷனுக்கு முந்தைய புத்தகம். 12-லிருந்து அந்தக் கோப்பு இருந்தா சர்வர் கிளம்பவே கிளம்பாது.

6. மைஎஸ்க்யூஎல்லுக்கும் இதே மாதிரி ஒரு அடையாளம் உண்டு: 'குவெரி கேஷ்' அமைக்கிறதை விரிவா சொல்லிக் கொடுத்தா அந்த அத்தியாயம் இப்போ வீண். 2018-ல் வந்த 8.0-லேயே அதை எடுத்துட்டாங்க.

7. ஆரக்கிள் புத்தகத்தில் 'பிளக்கபிள் டேட்டாபேஸ்' இருக்கான்னு தேடுங்க. 2013-ல் 12சி-யோட வந்த அமைப்பு அது. 21சி-யிலிருந்து வேற அமைப்பே கிடையாது. 9ஐ, 10ஜி புத்தகங்கள் பழைய புத்தகக் கடையில் மலிவா கிடைக்கும், ஆனா அதை வச்சு இன்னைக்கு இன்டர்வியூவுக்குப் போக முடியாது.

8. அடிப்படைக் கோட்பாட்டுப் புத்தகத்துக்கு மட்டும் பழைய எடிஷனே தாராளமா போதும். சில்பர்ஷாட்ஸ், கோர்த், சுதர்சன் மூவரும் எழுதினது ஆயிரம் பக்கம் தாண்டும்; 2019-ல் வந்த ஏழாவது எடிஷனுக்குப் பதிலா செகண்ட் ஹேண்டில் ஆறாவதை வாங்குங்க. இவர்களில் சுதர்சன் நம்ம ஐஐடி மெட்ராஸில் படிச்சு, ஐஐடி பம்பாயில் பாடம் எடுக்கிறவர். டிபிஏ ஆகணும்னா முழுசும் வேண்டாம்; இன்டெக்ஸ், டிரான்சாக்‌ஷன், ரெக்கவரி அத்தியாயங்களை மட்டும் ஊன்றிப் படிங்க.

9. எந்தக் கம்பெனி டேட்டாபேஸையும் சாராமல் இந்த வேலையோட பொறுப்புகளை மட்டும் சொல்ற புத்தகம் வேணும்னா கிரெய்க் மல்லின்ஸ் எழுதிய 'டேட்டாபேஸ் அட்மினிஸ்ட்ரேஷன்' நல்ல தேர்வு. 2012-ல் வந்த ரெண்டாவது எடிஷன்தான். கமாண்டுகள் அதிகம் இல்லாததால வயசு தெரியாது. என்னைக் கேட்டா, இதை வாங்குறதைவிட நூலகத்தில் ஒரு தடவை படிச்சுக் குறிப்பு எடுத்துக்கிறது சிக்கனம்.

10. இங்கிலீஷ் வேகமா ஓடலையா? கவலையே வேண்டாம். து. நித்யா எழுதிய 'எளிய தமிழில் மைஎஸ்க்யூஎல்' மின்னூல் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் இலவசம். தமிழ்நாடு பாடநூல் கழகத்தோட பிளஸ் டூ கணினி அறிவியல் புத்தகத்திலும் டேட்டாபேஸ், எஸ்க்யூஎல் பாடங்கள் தமிழில் இருக்கு, அதையும் இலவசமாவே இறக்கிக்கலாம். இந்த ரெண்டையும் முடிச்சிட்டு இங்கிலீஷ் புத்தகத்தைத் தொட்டா பாதி வார்த்தை ஏற்கெனவே பழகினதா இருக்கும்.

11. காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி அந்தந்த டேட்டாபேஸை உருவாக்குறவங்களே இலவசமா தர்ற கையேட்டைப் பார்த்துடுங்க. போஸ்ட்கிரெஸ் கையேட்டில் மூணாவது பகுதி முழுக்க சர்வர் நிர்வாகம்தான். ஆரக்கிளில் '2 டே டிபிஏ'ன்னு ஆரம்பநிலைக்காரங்களுக்குன்னே ஒண்ணு இருக்கு. பேக்கப், ரிஸ்டோர் அத்தியாயத்தை மட்டும் ரெண்டு பக்கமும் பிரின்ட் எடுத்து ஸ்பைரல் போட்டா, அது ஒரு குட்டிப் புத்தகம்! வாட்ஸப்பில் சுத்துற திருட்டுப் பிடிஎஃப்பில் எந்த எடிஷன்னு தெரியாது, பக்கமும் விட்டுப்போயிருக்கும். இலவசக் கையேடு இருக்கும்போது அது எதுக்கு?

12. வெளிநாட்டுப் பதிப்பு விலையைப் பார்த்து மலைக்காதீங்க. ஓ'ரெய்லி புத்தகங்களை ஷ்ராஃப் பப்ளிஷர்ஸ் இந்தியாவிலேயே மறுபதிப்பு போடுறாங்க. பியர்சன், மெக்ரா ஹில் புத்தகங்களுக்கும் இந்தியப் பதிப்பு உண்டு. படங்கள் கறுப்பு வெள்ளையா இருக்கும், அவ்வளவுதான்.

13. அச்சுப் புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. பில்லில் வரி சேர்த்திருந்தா உடனே கேளுங்க. அவசரம் இல்லைன்னா பொங்கலை ஒட்டி நடக்கிற சென்னைப் புத்தகக் காட்சி வரைக்கும் பொறுங்க, வழக்கமா 10 சதவீதம் தள்ளுபடி கிடைக்கும்.

14. பழைய புத்தகக் கடையில் 70-764ன்னு எண் போட்ட மைக்ரோசாஃப்ட் தேர்வுப் புத்தகம் கண்ணில் பட்டா, சான்றிதழ் ஆசையில் வாங்கிடாதீங்க. அந்தத் தேர்வை 2021 ஜனவரியோட நிறுத்திட்டாங்க. உங்க கம்பெனியில் எஸ்க்யூஎல் சர்வர் 2016 இன்னும் ஓடுதுன்னா மட்டும், பாடமா படிக்க எடுத்துக்கலாம்.

15. வார விடுமுறையில் பூந்தமல்லி வழியா கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு ஒரு நடை போயிட்டு வாங்க. 2010-ல் திறந்த ஒன்பது மாடிக் கட்டடம். சொந்தப் புத்தகத்தை எடுத்துட்டுப் போய்ப் படிக்கவும் இடம் இருக்கு. வாங்க நினைக்கிற புத்தகங்கள் அங்கே இருந்தா, ஒவ்வொண்ணிலும் ரிஸ்டோர் அத்தியாயத்தை மட்டும் படிச்சுப் பாருங்க. எவர் எழுத்து நமக்குப் புரியுதுன்னு அங்கேயே தெரிஞ்சிடும்.

16. தடிப் புத்தகத்தைக் கம்பெனி பஸ்ஸில் தூக்கிட்டுப் போனா மடிதான் வலிக்கும். பைண்டிங் கடையில் கொடுத்து மூணு பாகமா பிரிச்சுத் தனித்தனி அட்டை போட்டுக்குங்க. சொல்லடைவு இருக்கிற கடைசிப் பாகம் வீட்டிலேயே இருக்கட்டும். பஸ்ஸில் கருத்தை மட்டும் படிங்க, கமாண்டுகளை வீட்டில் லேப்டாப் முன்னாடி உட்கார்ந்து போடுங்க. நைட் ஷிப்ட் முடிஞ்சு வர்ற பஸ்ஸில் மட்டும் புத்தகம் வேண்டாம், தூங்குங்க!

17. பயிற்சிக்கு மாதிரி டேட்டாபேஸோட வர்ற புத்தகமா வாங்குங்க. மைஎஸ்க்யூஎல்லுக்கு சகிலா, எஸ்க்யூஎல் சர்வருக்கு அட்வென்ச்சர்வொர்க்ஸ் இலவசமா கிடைக்கும். எஸ்க்யூஎல் சர்வர் போடும்போது எக்ஸ்பிரஸ் எடிஷனை விட்டுட்டு டெவலப்பர் எடிஷனைப் போடுங்க. ரெண்டும் இலவசம்தான், ஆனா எக்ஸ்பிரஸில் தினசரி பேக்கப்பைத் தானா ஓட வைக்கிற ஏஜென்ட் கிடையாது. ஆரக்கிளோட இலவசப் பதிப்பு 12 ஜிபி தரவு வரைக்கும் தாங்கும், கத்துக்க அது தாராளம். பயிற்சி எல்லாம் சொந்த லேப்டாப்பில் மட்டும். கம்பெனி சர்வர் பக்கமே போகாதீங்க.

18. மைஎஸ்க்யூஎல்காரங்க எல்லாரும் சொல்ற 'ஹை பெர்ஃபார்மன்ஸ் மைஎஸ்க்யூஎல்' நல்ல புத்தகம்தான், ஆனா முதல் புத்தகமா வேண்டாம். பேக்கப், ரிஸ்டோர் கைவந்த பிறகு, 2021-ல் வந்த நாலாவது எடிஷனா பார்த்து வாங்குங்க. மூணாவது எடிஷன் 2012-ல் வந்தது, அது 5.5 காலத்துப் புத்தகம்.

19. ஒரே ரூமில் ரெண்டு மூணு பேர் படிக்கிறீங்கன்னா ஆளுக்கு ஒரே புத்தகத்தை வாங்காதீங்க. ஒருத்தர் கோட்பாடு, ஒருத்தர் கம்பெனி வெர்ஷனுக்கான கையேடு, இன்னொருத்தர் டியூனிங் புத்தகம்னு பிரிச்சுக்கிட்டா ஒரு புத்தகக் காசில் மூணு படிக்கலாம். ஓரத்தில் எழுதுறதைப் பென்சிலில் எழுதுங்க. வெர்ஷன் சார்ந்த புத்தகத்தை மட்டும், அடுத்த எடிஷன் கடைக்கு வர்றதுக்குள்ள வித்துடுங்க. வந்த பிறகு பாதி விலைகூடத் தேறாது.