லயத்து வீடும் கடை வீடும்
(மலேசியாவில் சீனர், இந்தியர் பொருளாதார நிலை – ஓர் ஒப்பீடு)

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. புள்ளியியல்

"சீனன் சேர்த்தான், நாம செலவழிச்சோம்" என்பது எங்கள் வீட்டுத் திண்ணையில் நான் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்த தீர்ப்பு. சொன்னவர் என் தாத்தா. அவர் 1951இல் மலாயாவின் பேராக் மாநிலத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். பதினான்கு வயதில் பால்மரம் சீவத் தொடங்கி, 1970இல் பெற்றோருடன் நாகப்பட்டினத்தில் கப்பல் விட்டு இறங்கியவர். அவருடைய அண்ணன் அங்கேயே தங்கிவிட்டார். தாத்தா இந்தத் தீர்ப்பைச் சொல்லும்போதெல்லாம் அதில் ஒரு வெட்கம் தொனிக்கும். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவள் நான். படித்த புள்ளியியலைக் கொண்டு அந்தத் தீர்ப்பு சரிதானா என்று பார்க்க விரும்பினேன். அதன் விளைவே இக்கட்டுரை.

முதலில் எண்களைக் காண்போம். 1970இல் தீபகற்ப மலேசியாவில் ஒரு சீனக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 394 வெள்ளி. இந்தியக் குடும்பத்துக்கு 304 வெள்ளி. மலாய்க்காரருக்கு 172 வெள்ளி. (ரிங்கிட்டை அங்குள்ள தமிழர் வெள்ளி என்றே வழங்குவர்.) அதாவது, சீனர் 100 வெள்ளி ஈட்டிய இடத்தில் இந்தியர் 77 வெள்ளி ஈட்டினர். 2019இல் சராசரி வருமானம் சீனருக்கு 9,895 வெள்ளி, இந்தியருக்கு 8,216 வெள்ளி, நூற்றுக்கு 83. இந்த இரண்டு வரிகளோடு நிறுத்திக்கொண்டால் இடைவெளி பெரிதன்று, அதுவும் குறைந்து வருகிறது என்று எழுதி முடித்துவிடலாம். நானும் முதலில் அப்படித்தான் எண்ணினேன்.

ஆனால் சராசரி என்பது எல்லோரையும் ஒரே பாயில் உட்கார வைக்கும் கணக்கு. "இந்தியர்" என்ற ஒரு பெயருக்குள் கோலாலம்பூர் வழக்கறிஞரும் மருத்துவரும் ரயில்வே அலுவலரும் இருக்கிறார்கள். விடியற்காலை தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்தடிக்குச் சென்ற தொழிலாளியும் இருக்கிறார். 2019 கணக்கிலேயே, இந்தியக் குடும்பங்களை வருமான வரிசையில் நிறுத்தி நடுவில் நிற்கும் குடும்பத்தைப் பார்த்தால் அதன் வருமானம் 5,981 வெள்ளிதான். சராசரியைவிட 2,000 வெள்ளிக்கு மேல் குறைவு. சீனரிடையேயும் இதே நிலைதான்: இடைநிலை 7,391 வெள்ளி. மேல்தட்டில் உள்ள சிலர் சராசரியை உயர்த்திவிடுகின்றனர்.

இன்னொரு கணக்கு இதைவிட முக்கியமானது. 1970இல் தீபகற்ப மலேசியக் கம்பெனிகளின் பங்கு மூலதனத்தில் 63.3 விழுக்காடு வெளிநாட்டினர் கையில் இருந்தது. சீனர் கையில் 27.2 விழுக்காடு. இந்தியர் கையில் 1.1 விழுக்காடு. மக்கள்தொகையில் சீனர் இந்தியரைப்போல் மூன்று மடங்குக்குச் சற்று மேல். மூலதனத்திலோ ஏறத்தாழ இருபத்தைந்து மடங்கு. அந்த மூலதனமும் எல்லாச் சீனர் கையிலும் இருந்ததன்று என்பதை மறக்கக் கூடாது. ஆயினும் கூலியில் நூற்றுக்கு 77 வரை வந்த ஒரு சமூகம், சொத்தில் ஒன்றுமே இல்லாமல் நின்றது. 2004இல் எடுத்த கணக்கிலும் இந்தியர் பங்கு 1.2 விழுக்காடுதான். எனவே கேள்வியைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது: இவர்கள் ஏன் குறைவாகச் சம்பாதித்தார்கள் என்பதன்று, சம்பாதித்தது ஏன் சொத்தாக மாறவில்லை என்பதே கேள்வி.

இதற்கு விடை தேட, இரு சாராரும் எந்த வாசல் வழியாக அந்நாட்டுக்குள் நுழைந்தனர் என்று பார்க்க வேண்டும்.

சீனர் பெருமளவில் வந்தது ஈயச் சுரங்கங்களுக்கு. 1840களில் லாருட் பகுதியில் ஈயம் கிடைத்ததும் தென்சீனத்திலிருந்து ஆட்கள் குவிந்தனர். வந்தவர்கள் சுகமாக வரவில்லை. கப்பல் கட்டணத்தைக் கடனாகப் பெற்று, அதை உழைத்துத் தீர்க்கும்வரை விற்கப்பட்ட ஆள்போல் கிடந்தனர். சுரங்க முதலாளியின் கடையிலேயே அரிசியும் அபினும் வாங்க வேண்டும். நோயால் மாண்டவர் பலர். அபின் வருவாய் ஆங்கில அரசின் கஜானாவை நிரப்பியது. ஆக, "சீனர் கெட்ட பழக்கமின்றிச் சேர்த்தனர்" என்ற கூற்று வரலாற்றுக்குப் பொருந்தாது.

வேறுபாடு வேறொன்றில் இருந்தது. சுரங்க முதலாளியும் சீனர், அரிசி கொடுத்த கடைக்காரரும் சீனர். பல சுரங்கங்களில் கூலிக்குப் பதில் எடுத்த ஈயத்தில் பங்கு உண்டு. கடன் தீர்ந்தவன் சுரங்கத்தை விட்டு வெளியே வந்தால், வெளியே ஒரு ஊர் இருந்தது. தைப்பிங், ஈப்போ, கோலாலம்பூர் ஆகியவை சுரங்கத்தைச் சுற்றி எழுந்த ஊர்களே. அங்கே அவனுடைய பேச்சு வழக்கைப் பேசும் ஊர்ச்சங்கம் இருந்தது. கடனுக்குச் சரக்குக் கொடுக்க ஒரு தவுக்கே இருந்தார். நம் ஊர்ச் சீட்டைப் போலவே மாதம் தோறும் பணம் கட்டி முறைவைத்து எடுக்கும் வழக்கமும் இருந்தது. 1854இல் பதினேழு வயதில் வந்து சுரங்கத்தில் சமையல்காரராக வேலை பார்த்த யாப் ஆ லாய், பின்னர் கோலாலம்பூரின் சீனத் தலைவராகவே உயர்ந்தார். இப்படி உயர்ந்தவர் ஆயிரத்தில் ஒருவர்தான். ஆனால் ஏணி என்று ஒன்று கண்முன் இருந்தது.

தமிழர் சென்ற வாசல் ரப்பர்த் தோட்டம். 1910ஐ ஒட்டி ரப்பர் விலை உச்சிக்கு ஏறியது. ஒப்பந்தக் கூலி முறை அவ்வாண்டில் நிறுத்தப்பட்டதும் கங்காணி முறையே முதன்மை பெற்றது. தோட்டத்துக் கங்காணி தன் சொந்த ஊருக்கே வந்து உறவினரையும் அண்டை அயலாரையும் அழைத்துச் செல்வான். அவன் அழைத்துப் போனவர்கள் வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு நாளுக்கும் அவனுக்குத் தலைக்காசு உண்டு. என் கொள்ளுத்தாத்தா 1937இல் அப்படிப் போனவர். மறு ஆண்டே இந்திய அரசு இத்தகைய கூலி ஏற்றுமதியைத் தடை செய்துவிட்டது. ஓராண்டு தாமதித்திருந்தால் அவர் கப்பலே ஏறியிருக்க மாட்டார்.

தோட்டம் ஊரன்று. தோட்டம் ஒரு கம்பெனிக்குச் சொந்தமான காடு. நடுவே துரை பங்களா, கிராணி வீடு, வரிசையாக லயம், ஒரு கோயில், ஒரு பள்ளி, ஒரு கள்ளுக்கடை. வேலை, வீடு, தண்ணீர், மருந்து, கல்வி எல்லாம் ஒரே முதலாளியிடமிருந்து வந்தன. 1930 மந்தத்துக்கு முன் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும், பெண்ணுக்கு 40 காசும் கூலி. மந்தம் வந்ததும் அதுவும் வெட்டப்பட்டது. பல்லாயிரம் பேர் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். மலாயாவுக்கு வேலையற்ற தமிழன் தேவைப்படவில்லை. விலை ஏறினால் மீண்டும் அழைத்துக்கொள்ளலாம் அல்லவா?

தோட்டங்களில் சீனரும் மரம் சீவினர் என்பது பலர் அறியாத செய்தி. ஆனால் அவர்கள் குத்தகைக்காரர் மூலம் வந்தனர். வேலை பிடிக்காவிட்டால் வேறிடம் போய்விடுவர். எனவே அதே வேலைக்கு அவர்களுக்குக் கூலி கூடுதல். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த பெரும் வேலைநிறுத்தத்தில் தமிழ்த் தொழிலாளர் வைத்த கோரிக்கைகளில் ஒன்று, சீனத் தொழிலாளிக்குத் தரும் கூலியை எங்களுக்கும் தாருங்கள் என்பது. அரசு துருப்புகளை அனுப்பிச் சுட்டது, உயிர்கள் போயின. தலைமை தாங்கிய ஆர்.எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். "நாம செலவழிச்சோம்" என்று சொல்லும் என் தாத்தாவுக்கு இந்த வேலைநிறுத்தம் பற்றி யாரும் சொன்னதில்லை. கள்ளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1946, 47இல் கெடா மாநிலத்தில் தொண்டர் படை என்ற பெயரில் தோட்டத்து இளைஞர்களே கள்ளுக்கடைகளை மூடச் சொல்லி மறியல் செய்தனர். கடையைத் திறந்து வைத்தது யார், மூடச் சொன்னது யார் என்று பிரித்துப் பார்ப்பது நல்லது.

தமிழருக்குப் பணம் பண்ணத் தெரியாது என்பாரும் உண்டு. அதற்கு மறுப்பு நாட்டுக்கோட்டை நகரத்தார். மலாயாவில் அவர்களுடைய கிட்டங்கிகள் ஊர்தோறும் இருந்தன. லாருட்டின் சீனச் சுரங்க முதலாளிகளுக்கே அவர்கள் கடன் கொடுத்தனர். ஆனால் அடகு வைக்க ஒரு சாண் நிலமும் இல்லாத தோட்டத் தொழிலாளிக்கு எந்த வட்டிக்கடையும் தொழில் முதல் தராது. தமிழ்ப் பணம் சீனச் சுரங்கத்தில் புரண்டது; ஐந்து மைல் தள்ளியிருந்த தமிழ் லயத்துக்குள் நுழையவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து ஆங்கிலக் கல்வியோடு வந்த தமிழர், ரயில்வேயிலும் அலுவலகங்களிலும் அமர்ந்தனர். ஒரே மொழி பேசியவர்தாம், வாசல் வேறு.

கல்வியிலும் இவ்வாறே. பத்துப் பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. கடமைக்கு நடந்த பள்ளி எப்படி இருக்கும் என்பதைத் தாத்தாவின் வாயால் கேட்டிருக்கிறேன்: ஒரே வாத்தியார், ஒரே அறை, ஆறு வகுப்பு. சீனரோ தம் சங்கங்கள் மூலமும் வணிகர் நன்கொடை மூலமும் பள்ளிகளைத் தாமே நடத்தினர். உயர்நிலைப் பள்ளிகளும் எழுப்பினர். இன்றும் அங்கே சீன மொழித் தனியார் உயர்நிலைப் பள்ளிகள் அறுபதளவில் உள்ளன. தமிழ்ப் பள்ளி ஆறாம் வகுப்போடு நின்றுவிடுகிறது.

போர்க்காலத்தில் இரு சமூகமும் அடிபட்டன. ஜப்பானியர் சீனரைக் கொன்று குவித்தனர். தமிழ்த் தொழிலாளரைச் சயாம் ரயில்பாதைக்கு இழுத்துச் சென்று பல்லாயிரக்கணக்கில் மடியச் செய்தனர். 1950க்குப் பிறகு கம்யூனிஸ்டு கிளர்ச்சியை அடக்க, காட்டோரம் வாழ்ந்த சுமார் ஐந்து லட்சம் பேரை முள்வேலி போட்ட புதுக்கிராமங்களில் ஆங்கில அரசு அடைத்தது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் ஏழைச் சீனர். பணக்காரச் சீனரை மட்டும் கண்ணில் வைத்துப் பேசுவோர் இதை மறந்துவிடுகின்றனர்.

1957இல் விடுதலை வந்ததும் வெள்ளையர் பலர் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுக் கிளம்பினர். தோட்டம் துண்டானால் தொழிலாளிக்கு வேலை மட்டுமா போயிற்று? வீடு, பள்ளி, கோயில் யாவும் ஒரே நாளில் போயின. இந்த இடத்தில்தான் லயத்து வீட்டுக்கும் கடை வீட்டுக்கும் உள்ள வேறுபாடு புலப்படும். சீனக் கடைக்காரர் கீழே வியாபாரம் செய்து மேலே குடியிருப்பார். வியாபாரம் நொடித்தாலும் படுக்க இடம் உண்டு, அடகு வைக்கச் சரக்கு உண்டு. இந்த உண்மையைத் தெளிவாகக் கண்டவர் துன் வீ.தி. சம்பந்தன். அமைச்சராக இருந்த அவர் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்; தொழிலாளரிடம் சிறுகச் சிறுகப் பங்குப் பணம் திரட்டித் தோட்டங்களையே விலைக்கு வாங்கினார். சேமிக்கத் தெரியாதவர்கள் எனப்பட்ட அதே மக்களின் பணம்தான் அது! இது இன்னும் இருபது ஆண்டு முன்னே தொடங்கியிருக்கக் கூடாதா என்று எனக்குத் தோன்றுகிறது.

1969இல் மற்றோர் அடி விழுந்தது. குடியுரிமை பெறாதவர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. பல்லாயிரம் தமிழர் கப்பலேறினர். தாத்தாவின் அண்ணன் குடியுரிமைத் தாள் வாங்கி வைத்திருந்தார், கொள்ளுத்தாத்தா வாங்கவில்லை. ஒரு தாளால் குடும்பம் இரண்டாயிற்று. 1971இல் தொடங்கிய புதிய பொருளாதாரக் கொள்கை, வறுமையில் மிகவும் பின்தங்கியிருந்த மலாய்க்காரரை உயர்த்த வந்தது, அது நியாயமே. ஆனால் இனவாரிச் சராசரியை வைத்துப் பார்த்த அத்திட்டத்தின் கண்ணில், 304 வெள்ளிக்குப் பின்னால் மறைந்திருந்த தோட்டத் தொழிலாளி படவில்லை. பின்னர் ரப்பர் அழிந்து செம்பனை வந்தது; அதற்கு ஆள் குறைவாகப் போதும். நகரை ஒட்டிய தோட்டங்கள் வீட்டுமனைகளாயின. பெரிய தாத்தா 1980களின் இறுதியில் கிள்ளானில் ஓர் அடுக்குமாடியின் ஓரறை வீட்டுக்குப் போனார். அவருடைய மகன் லாரி ஓட்டினார். பேத்தி இன்று மருத்துவமனையில் தாதி. 83 என்ற எண்ணுக்குள் அந்த அக்காவின் சம்பளமும் இருக்கிறது.

இவற்றையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாத்தாவிடம் படித்துக் காட்டினேன். 1.1 விழுக்காடு என்ற இடம் வந்தபோது மீண்டும் படிக்கச் சொன்னார். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, தோட்டத்து வாசலில் இருந்த சீனர் கடையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். அரிசியும் கருவாடும் அங்கே பற்றுக் கணக்கில்தான். ஊருக்குக் கிளம்பிய அன்று பாக்கி பதினோரு வெள்ளி. சேமநிதிப் பணம் வந்திருந்ததால் கொள்ளுத்தாத்தா அதைக் கொண்டுபோய்க் கொடுத்தார். கடைக்காரர் மாடியிலிருந்து இறங்கி வந்து, கணக்குப் புத்தகத்தில் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டு, ஒரு டின் பிஸ்கட்டை எடுத்துக் கையில் கொடுத்தாராம்.

"அவரும் எங்கப்பாவும் ஒரே வருஷத்துலதான் மலாயாவுக்கு வந்தாங்கம்மா" என்றார் தாத்தா.